சிங்கத்தோல் போர்த்த கழுதையும் கழுகுத்தலைத் தெய்வமும்

பல இனத்தாரின் தொன்மங்களை ஒரே கதையில் கலந்து எழுதுவது இக்காலப் புதினக்காரர் கண்ட புதுமை என்று கருதுவோர் உளர். அது புதுமையன்று. பழங்கதைகள் வணிகர் மூட்டையோடும் பயணியர் பேச்சோடும் நாடுவிட்டு நாடு சென்று ஒன்றோடொன்று கலந்தே வந்துள்ளன. புலித்தோல் போர்த்துக்கொண்டு பிறர் வயலில் மேய்ந்த கழுதையின் கதை பஞ்சதந்திரத்தில் உண்டு. அதே கழுதை ஈசாப்பின் கதையில் சிங்கத்தோல் போர்த்திருக்கும். எவர் எவரிடம் கடன் பெற்றார் என்னும் வழக்கை அறிஞர் தீர்த்துக்கொள்ளட்டும். நமக்கு அக்கழுதையிடம் வேறு வேலை இருக்கிறது. அது 1956ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு புதினத்தின் முதல் அத்தியாயத்தில் மீண்டும் சிங்கத்தோலோடு வந்து நிற்கிறது. அப்புதினம் சி.எஸ். லூயிஸ் எழுதிய 'தி லாஸ்ட் பேட்டில்'; தமிழில் 'இறுதிப் போர்' எனலாம். நார்னியா என்னும் கற்பனை நாட்டைப் பற்றி அவர் எழுதிய ஏழு நூல்களுள் இறுதியானது. அவ்வாண்டிற்கான கார்னகி பதக்கம் பெற்றது. சிறுவர்க்கென எழுதப்பெற்றதாயினும் பெரியோரும் விரும்பிக் கற்பது.

தமிழ்த்துறை மலரில் ஆங்கிலச் சிறுவர் நூலுக்கு என்ன வேலை என்று வினவலாம். ஒப்பிலக்கியம் பயிலும் மாணவர் எம்மிடம் கொணரும் நூல்களுள் கம்பனும் மில்டனும் மட்டும் இருந்த காலம் போயிற்று. 2005இல் நார்னியாவின் முதற்கதை திரைப்படமாக வந்த பின்னர் அந்நூல்களின் பெயர் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பழக்கமாயிற்று. இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் ஏழு நூல்களையும் படித்து முடித்துவிட்டு எம்மிடம் வந்து, "ஐயா, ஆறு புத்தகம் வரைக்கும் சிங்கத்தின் பக்கமே நின்று படித்தேன். கடைசிப் புத்தகத்தில் எதிரே நிற்கிறவர்கள் எங்கள் நன்னா படத்தில் கட்டியிருக்கிற தலைப்பாகையைக் கட்டியிருக்கிறார்களே!" என்றார். சினமாகச் சொல்லவில்லை, ஏமாற்றமாகச் சொன்னார். அவ்வேமாற்றம் நியாயமானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நியாயமானதே என்பது எம் துணிபு. ஆயின் அதற்கான காரணம், முதற்பார்வைக்குத் தோன்றுகிற காரணம் அன்று.

லூயிஸ் எளிதில் ஒதுக்கத்தக்க எழுத்தாளர் அல்லர். 1898இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் ஏறத்தாழ முப்பதாண்டுகள் பயிற்றுவித்தவர், 1954இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இடைக்கால, மறுமலர்ச்சிக்கால இலக்கியப் பேராசிரியரானவர், 1963இல் மறைந்தார். உரோமர், கிரேக்கர், வடபுலத்து நார்ஸ் இனத்தார் ஆகியோரின் தொன்மங்களை அவரளவு ஆழ்ந்து கற்றவர் அக்காலத்தில் ஒரு சிலரே. ஆட்டுக்கால் மனிதனாகிய 'ஃபான்' ஒருவன் பனிபெய்யும் காட்டில் குடையும் பொட்டலங்களும் ஏந்தி நடக்கும் காட்சி தம் பதினாறாம் வயதிலேயே மனத்தில் தோன்றியதென்றும், நார்னியாக் கதை அதிலிருந்து முளைத்ததென்றும் அவரே எழுதியுள்ளார். ஃபான் உரோமரின் வனத்தெய்வம். அவன் கையில் குடை இலண்டன் தெருவினது. அவன் நடக்கும் பனிக்காடு வடபுலத்தது. மூன்றும் ஒரே காட்சியில் பொருந்தி நிற்கின்றன. படிப்பவர்க்கு உறுத்தவில்லை. கலவை என்பதற்காகவே ஒரு நூலைக் குறைகூறுவது முறையன்று என்பதற்கு இவ்வொரு காட்சியே சான்று.

எனினும் அவர்தம் நண்பரும் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலின் ஆசிரியருமான டோல்கீனுக்கு இக்கலவை பிடிக்கவில்லை. 1950இல் வெளிவந்த முதல் நார்னியா நூலில் குதிரையுடல் மனிதர், பேசும் நீர்நாய், குள்ளர், மரத்தணங்குகள், இடையே பரிசுமூட்டையோடு கிறித்துமசுத் தாத்தா என எல்லாரும் ஒரே காட்டில் திரிவதைக் கண்டு அவர் முகஞ்சுளித்தார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் குறிக்கின்றனர். டோல்கீன் தாமும் பலவிடத்துப் பழங்கதைகளிலிருந்து கடன்பெற்றவரே. ஆயின் கடன்பெற்றதை உருக்கித் தம் வார்ப்பில் ஊற்றினார். லூயிஸோ பெற்ற நாணயத்தை அந்நாணயமாகவே செலவிட்டார். இவ்விருவருள் டோல்கீனின் வழியே சிறந்தது என்று நாம் வாதிடவில்லை. அவரவர் வழி அவரவர்க்கு. நாம் கேட்பது, பிறர் நாணயத்தைச் செலவிடுகிறவர் அதன் மதிப்பறிந்து செலவிடுகிறாரா என்பதே.

ஜின்னின் வழித்தோன்றல்

நம் வாசகர் வியக்கத்தக்க செய்தி ஒன்று அம்முதல் நூலிலேயே இருக்கிறது. நார்னியாவை நூறாண்டு பனியில் உறைய வைத்த வெள்ளைச் சூனியக்காரி யார் எனக் குழந்தைகள் வினவ, நீர்நாய் விடை கூறுகிறது: அவள் மனிதப் பிறவியே அல்லள், ஆதமின் முதல் மனைவி லிலித்தின் வழி வந்தவள், அந்த லிலித் ஜின் இனத்தவள், மறுபக்கத்தில் அரக்கர் இரத்தம். ஒரு வரியில் மூன்று மரபுகள். லிலித் யூதப் பழங்கதையில் வருபவள்; நம் மரபில் இடம்பெறாதவள். அரக்கர் வடபுலத்தார். ஜின் யாருடையது என்று இம்மலரைப் படிப்போர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஜின்கள் பேய்களும் அல்லர், பூதங்களும் அல்லர். நெருப்பினின்று படைக்கப்பெற்ற ஓர் இனம். மனிதரைப் போன்றே நன்மையையும் தீமையையும் தெரிந்துகொள்ளும் பொறுப்புடைய இனம். திருக்குர்ஆனின் 72ஆம் அத்தியாயம் அவர்தம் பெயரையே தாங்கியுள்ளது. அங்கே ஜின்கள் சிலர் இறைமறை ஓதப்படுவதைக் கேட்டு வியந்து நம்பிக்கை கொள்கின்றனர். கதைஞன் ஒருவனுக்கு இதைவிட வளமான கருப்பொருள் வேறென்ன வேண்டும்? தன் தீமையைத் தானே தெரிந்துகொண்ட ஒரு சூனியக்காரியைப் படைத்திருக்கலாம். லூயிஸ் ஜின்னைக் 'கெட்ட இரத்தம்' என்னும் பொருளில் மட்டுமே எடுத்தாள்கிறார். எடுத்ததையாவது கடைசிவரை வைத்துக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை. 1955இல் வெளிவந்த 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' என்னும் நூலில் இதே சூனியக்காரி ஜேடிஸ் என்னும் பெயரோடு சார்ன் என்னும் அழிந்த மாநகரின் கடைசி அரசியாக வருகிறாள். அரக்கர் இரத்தம் பற்றி ஒரு குறிப்பு எஞ்சுகிறது. லிலித்தையும் ஜின்னையும் காணோம். ஐந்தாண்டு இடைவெளியில் ஒரு பாத்திரத்தின் குலமே மாறிப்போயிற்று. ஆசிரியர் அதுபற்றிக் கவலை கொண்டதாகத் தெரியவில்லை. ஃபானுக்கு இந்நிலை நேரவில்லை என்பதைக் கருத்திற் கொள்க. ஃபானின் கால், கொம்பு, வால், குழலிசை எதையும் லூயிஸ் மறந்தாரில்லை.

பிறை நாணயமும் பலிபீடமும்

இறுதி நூலுக்கு வருவோம். ஷிஃப்ட் என்னும் கிழக்குரங்கு, அருவியில் மிதந்துவந்த சிங்கத்தோல் ஒன்றைக் கண்டெடுத்துப் பஸில் என்னும் அப்பாவிக் கழுதைக்குத் தைத்துப் போர்த்துகிறது. நார்னியாவின் இறைவனாகிய அஸ்லான் என்னும் சிங்கம் திரும்பி வந்துவிட்டதென நாட்டினரை நம்பவைக்கிறது. இரவில், தீவெளிச்சத்தில், கொட்டிலின் வாயிலில் சில கணமே காட்சி. அஸ்லானின் ஆணையென்று சொல்லி மரங்களை வெட்டி அண்டை நாட்டாருக்கு விற்கிறது. பேசும் விலங்குகளைக் கூலிகளாக அனுப்புகிறது. வெட்டுண்ட மரத்தின் அணங்கு அரசன் டிரியன் முன் ஓடிவந்து விழுந்து மடியும் காட்சி நெஞ்சை அறுப்பது. இறைவன் பெயரைச் சொல்லிப் பிழைப்போர் எவ்வாறு தொடங்குகின்றனர், எளியோர் எவ்வாறு ஏமாறுகின்றனர், ஏமாந்தது தெரிந்த பின்னும் ஏன் வாய்திறவார் என்பதை இத்துணைத் தெளிவாகச் சிறுவர்க்குச் சொன்ன நூல் அரிது. இப்பகுதியை எந்தச் சமயத்தாரும் தம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாம்.

குரங்கிடம் மரம் வாங்கும் அண்டை நாடு கலோர்மென். தெற்கே பாலைவனத்துக்கு அப்பால் உள்ள பேரரசு. அதன் மக்கள் கருநிறத்தவர், தாடியும் தலைப்பாகையும் உடையோர், வளைவாள் ஏந்தியோர். பேரரசன் பெயரைச் சொல்லுந்தோறும் வாழ்த்துத்தொடர் ஒன்றைச் சேர்த்தே சொல்வர். அவர்தம் நாணயத்தின் பெயரோ 'பிறை'. இவையனைத்தும் ஆயிரத்தோரிரவுக் கதைகளின் ஆங்கிலப் பெயர்ப்புகளிலிருந்தும் உதுமானியப் பேரரசைப் பற்றிய ஐரோப்பியச் சித்திரங்களிலிருந்தும் எடுத்த ஆடையணிகள் என்பது வெளிப்படை. ஆனால் அவர்கள் வழிபடும் தெய்வம் எது? டாஷ் என்பது அதன் பெயர். வளைந்த அலகுடைய கழுகொத்த பறவைத்தலை, நான்கு கைகள், கூருகிர் விரல்கள், மிதித்த புல் கருகும், பலிபீடத்தில் மனிதப் பலி கேட்கும். பறவைத்தலை பழைய எகிப்தை நினைவூட்டுகிறது. நான்கு கைகள் இந்தியச் சிற்பத்தை நினைவூட்டுகின்றன. மனிதப்பலி விவிலியம் பழிக்கும் மோலெக்கை நினைவூட்டுகிறது.

உருவ வழிபாட்டை அறவே விலக்கிய மக்களின் உடையை எடுத்து, பறவைத்தலை விக்கிரகம் ஒன்றின் முன் அவ்வுடையை நிறுத்தியிருக்கிறார் லூயிஸ். கலோர்மென் மக்கள் முஸ்லிம்கள் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. எனவே இது நம் மார்க்கத்தின் மீது தொடுத்த தாக்குதல் என்று கொடிபிடிப்பது பொருந்தாது. நாம் அவ்வாறு சொல்லவும் இல்லை. நான்கு கைகளை அச்சுறுத்தும் அடையாளமாக மட்டும் கண்டதற்கு இந்துச் சகோதரர் நம்மைவிட மிகுதியாக வருந்தக் காரணம் உண்டு. எம் குறை வேறு. கிரேக்க, உரோம, வடபுலத் தொன்மங்களை எடுத்தபோது அவற்றின் உயிரையும் சேர்த்தே எடுத்தார். கீழைநாட்டுப் பொருள்களை எடுத்தபோது தோலை மட்டும் எடுத்தார். 1951இல் வந்த 'பிரின்ஸ் காஸ்பியன்' நூலில் உரோமரின் மதுத்தெய்வமாகிய பாக்கஸ் தன் திராட்சைக் கொடியோடும் கூத்தாடும் கூட்டத்தோடும் அஸ்லானின் அவையிலேயே இடம்பெறுகிறான். கள்வெறியின் தெய்வத்துக்குக் கிடைத்த அவ்விரக்கம் டாஷை வணங்குவோரின் ஒரு வேண்டுதலுக்குக்கூடக் கிடைக்கவில்லை. கலோர்மென் தாய் ஒருத்தி நோயுற்ற பிள்ளைக்காக என்ன சொல்லி இறைஞ்சுவாள்? ஏழு நூல்களைத் தேடினும் விடையில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அஸ்லான் என்னும் பெயரை எங்கே கண்டெடுத்தார் என்பதை லூயிஸே ஒரு கடிதத்தில் தெரிவித்துள்ளார். எட்வர்ட் வில்லியம் லேன் மொழிபெயர்த்த ஆயிரத்தோரிரவுக் கதைகளின் குறிப்புரையில் கண்டாராம். துருக்கி மொழியில் அது சிங்கத்தைக் குறிக்கும் சொல். 1071இல் மன்சிகெர்த் போரில் பைசாந்தியப் பேரரசனை வென்ற செல்ஜூக் சுல்தான் அல்ப் அர்ஸ்லானின் பெயரில் உள்ளதும் அச்சொல்லே. நார்னியாவின் இறைவனுக்குத் துருக்கியப் பெயர், நார்னியாவின் பகைவனுக்குத் துருக்கியத் தலைப்பாகை! இரண்டும் ஒரே நூலகத்திலிருந்து வந்தவை. பெயர் தந்தவர்க்கு நூலுக்குள் நன்றியில்லை.

லூயிஸுக்கு இதைவிடச் சிறப்பாக எழுதத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. இரண்டாண்டுக்கு முன், 1954இல், அவர் எழுதிய 'தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்' பெரும்பகுதி கலோர்மென் நாட்டிலேயே நிகழ்வது. அதில் அராவிஸ் என்னும் கலோர்மென் பெண் துணிவும் பெருமிதமும் மிக்கவளாக வருகிறாள். பின்னர் அண்டை நாடொன்றின் அரசியாகிறாள். அவள் தன் கதையை எடுத்துரைக்கத் தொடங்கும்போது ஆசிரியர் ஒரு செய்தி சொல்கிறார்: இங்கிலாந்துச் சிறுவர்க்குக் கட்டுரை எழுதக் கற்பிப்பதுபோல் கலோர்மென் நாட்டில் கதை சொல்லக் கற்பிக்கின்றனர், கதை கேட்க எல்லாரும் விரும்புவர், கட்டுரை படிக்க விரும்பியவரை யாரும் கண்டதில்லை. (கட்டுரையாசிரியராகிய நாம் இதை மனத்தாங்கலின்றி ஏற்கிறோம்.) அந்நூலிலும் ஆணவமும் கொடுமையும் கொண்ட கலோர்மென் பிரபுக்கள் உண்டு. ஆயினும் அங்கே ஒரு நாடு இருந்தது; தெருக்கள் இருந்தன; அரண்மனையும் கல்லறைகளும் பழமொழிகளும் கவிஞர்களும் இருந்தனர். 'இறுதிப் போர்' நூலில் வீரர் அணி மட்டுமே இருக்கிறது. குள்ளர்கள் அவர்களை நிறத்தைச் சுட்டி இழிபெயரால் அழைக்கின்றனர். டிரியன் அரசனும் தோழரும் முகத்தில் கருமை பூசிக் கலோர்மென் வேடம் புனைகின்றனர். முன்னைய நூல் விதைத்ததைப் பின்னைய நூல் அறுவடை செய்யவில்லை, பிடுங்கி எறிந்தது. அந்த மாணவரின் ஏமாற்றத்துக்கு உண்மையான காரணம் இதுவென்று நினைக்கிறோம்.

குரங்கின் இறையியல்

நூலின் நடுவே நிகழும் ஒரு பேச்சு எமக்கு முதன்மையாகப் படுகிறது. அஸ்லானும் டாஷும் ஒருவரே என்று குரங்கு கூட்டத்தில் அறிவிக்கிறது. இரு பெயரையும் இணைத்து 'டாஷ்லான்' என்னும் புதுப்பெயரும் வழங்கத் தொடங்குகிறது. வணிகம் தடையின்றி நடக்க வேண்டும். அதற்காகத் தெய்வங்களை உருக்கி ஒன்றாக்கு என்பது குரங்கின் கொள்கை. இரு சமயத்தின் உள்ளடக்கமும் அதற்கு வேண்டியதில்லை, பெயர்கள் போதும். லூயிஸ் இதைக் கடுமையாகக் கண்டிக்கிறார். நாமும் அவரோடு உடன்படுகிறோம். வேற்றுமையை அறியாமலே ஒற்றுமை பேசுவோர் இரு பக்கத்தாரையும் இழிவுபடுத்துகின்றனர். பல சமயத்தார் கூடி வாழும் ஊரில் பிறந்த நமக்கு இது நூலறிவால் மட்டும் தெரிந்த செய்தி அன்று.

ஆனால் குரங்கு செய்த குற்றம் என்ன? பிறர் போற்றுவனவற்றின் பொருளைக் கேளாமல், தோலை உரித்துத் தன் தேவைக்குத் தைத்துக்கொண்டது. கலோர்மென் நாட்டைத் தைத்த ஆசிரியரின் ஊசியும் அதே வேலையைத்தான் செய்தது. குரங்கு பொருளுக்காகச் செய்தது, ஆசிரியர் கதைச்சுவைக்காகச் செய்தார் என்பதே வேறுபாடு. தம் நூலின் நெஞ்சில் இருந்த வினாவைத் தம்மிடமே கேட்டுக்கொள்ள அவர் தவறினார்.

இதற்கு மறுமொழியாக எமெத் என்னும் பாத்திரத்தைக் காட்டுவர். எமெத் கலோர்மென் படையின் இளந்தலைவன். சிறுவயது முதலே டாஷை உள்ளன்போடு வணங்கியவன். குரங்கின் பொய்யைச் சகியாதவன். உலகம் முடிந்த பின் அஸ்லான் அவனை எதிர்கொண்டு அருள்கிறது. டாஷும் தானும் ஒன்றல்ல என்று தெளிவுறுத்துகிறது. டாஷின் பெயரால் எவர் நன்மை செய்யினும் அது தனக்குச் செய்ததே என்றும், தன் பெயரால் எவர் கொடுமை செய்யினும் அது டாஷுக்குச் செய்ததே என்றும் விளக்குகிறது. 1956இல் கிறித்தவ நம்பிக்கையில் ஊன்றி நின்ற ஓர் எழுத்தாளர் இவ்வளவு தூரம் வந்தது பெருந்தன்மையே. இதற்காகத் தம் சமயத்தார் சிலரின் கண்டனத்தையும் அந்நூல் பெற்றது. அப்பெருந்தன்மையை நாம் மறைக்கமாட்டோம்.

ஆயினும் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். எமெத் என்பது எபிரேயச் சொல். வாய்மை என்று பொருள். கலோர்மென் படையில் நல்லவன் ஒருவன், அவனுக்கும் கலோர்மென் மண்ணில் விளைந்த பெயர் இல்லை. அவன் வணக்கத்தில் நல்லன அனைத்தும் வேறொருவர் கணக்கில் வரவு வைக்கப்பட, அவன் மரபுக்கு எஞ்சுவது தீமை மட்டும். அவனை நல்லவனாக்கியது எது? எந்தப் பாட்டி சொன்ன கதை, எந்த ஆசானின் கண்டிப்பு? நூல் சொல்லவில்லை. சேற்றில் செந்தாமரை என்போம் நாம். தாமரைக்குச் சேறும் உணவு என்பதை லூயிஸ் எண்ணினாரில்லை.

ஆங்கில எழுத்தாளர் ஃபிலிப் புல்மன் 1998இல் நார்னியா நூல்களை மிகக் கடுமையாகச் சாடி ஒரு கட்டுரை எழுதினார். நால்வருள் ஒருத்தியான சூசன், உதட்டுச்சாயத்திலும் விருந்துகளிலும் நாட்டம் கொண்டாள் என்று சொல்லப்பட்டு இறுதி நூலில் விடுபட்டுப் போவதை அவர் பெரிதும் கண்டித்தார். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் ஒரே இருப்புப்பாதை விபத்தில் இழந்த ஒரு பெண்ணைப் பற்றி நூலில் இரங்கல் சொல் ஒன்றுமில்லை. ஆனால் புல்மனைப் போல் முழுவதையும் வெறுத்தொதுக்க எமக்கு மனமில்லை. கொட்டிலுக்குள் அமர்ந்த குள்ளர்களின் காட்சி ஒன்றே போதும். சுற்றிலும் ஒளியும் பசும்புல்லும் மலரும் இருக்க, தாம் இருண்ட தொழுவத்தில் அடைபட்டிருப்பதாக அவர்கள் நம்புகின்றனர். அரிய விருந்து படைத்தும் வைக்கோலைத் தின்பதாக நினைக்கின்றனர். ஒருமுறை ஏமாந்தமையால் இனி எதையுமே நம்புவதில்லை என்று முடிவுசெய்தோர் நிலை அது. உலக இலக்கியத்தில் இதற்கு இணையான உருவகம் மிகச் சிலவே.

உலக முடிவின் காட்சியும் அவ்வாறே தொடங்குகிறது. காலம் என்னும் பேருருவன் உறக்கத்தினின்று எழுந்து கொம்பூதுகிறான். சூர் ஊதும் இஸ்ராஃபீலை நினையாமல் அதைப் படிக்க நம்மால் இயலாது. விண்மீன்கள் உதிர்கின்றன, உயிர்கள் வாயிலை நோக்கி ஓடிவந்து வலமும் இடமுமாகப் பிரிகின்றன, கடல் பொங்கி நிலத்தை மூடுகிறது, எல்லாம் உறைகிறது. விவிலியத்தின் தீர்ப்பு நாளும் வடபுலத்தாரின் ஊழிமுடிவும் இங்கே ஒன்றையொன்று கெடுக்காமல் கலக்கின்றன. பின் வருவது பிளேட்டோ. இவ்வுலகம் நிழல், மெய்யுலகம் அப்பால் என்னும் கொள்கையைப் பேராசிரியர் பாத்திரம் ஒன்று விளக்கத் தொடங்கியதும் கதையின் வேகம் தளர்ந்து பாடவேளை வந்துவிடுகிறது. நாமும் பாடவேளைக்காரரே; எனினும் அவ்விடத்தில் கொட்டாவி வந்தது உண்மை.

உமறு செய்த கலவை

கலவை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. 17ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணம் நம்மிடம் இருக்கிறது. மூன்று காண்டங்கள், 5027 விருத்தங்கள். காப்பிய இலக்கணப்படி நாட்டுப்படலம் வேண்டும், புலவரும் பாடினார். அரபு நாட்டில் மழை பொழிந்தது, ஆறு பெருகியது, வயல் விளைந்தது. மணல் நாட்டில் மருத வளமா என்று நகையாடியோர் உண்டு. நகையாடியோர் ஒன்றை மறந்தனர். உமறு தமக்கு அருமையானதைத் தம் தலைவருக்குச் சூட்டினார். தம்மிடம் இருந்த வளத்தில் மிகச் சிறந்ததைக் கொண்டுபோய் மக்காவின் வாயிலில் வைத்தார். அதே வேளையில், தமிழ்க் காப்பிய மரபு எவ்வளவு இழுத்தபோதும், நபிகள் நாயகத்தைத் தெய்வமாக்கிப் பாடவில்லை. இரு மரபையும் உள்ளிருந்து அறிந்தவர் அவர். எதை எதனோடு சேர்க்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவர்க்குத் தெரிந்திருந்தது. மானுக்குப் பிணை நின்ற படலத்தில் வேடனுக்கும் ஒரு மனம் உண்டு; அவன் வெறும் வில் ஏந்திய கை அன்று.

லூயிஸையும் உமறையும் ஒரே தராசில் வைப்பது முறையா என்று கேட்கலாம். ஒருவர் சிறுவர்க்குக் கதை சொன்னவர், மற்றவர் காப்பியம் பாடியவர். தரத்தை ஒப்பிடவில்லை, கடன்பெற்ற முறையை மட்டுமே ஒப்பிட்டோம்.

இந்நூலை நூலகத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று நம் சமுதாயப் பெரியவர் ஒருவர் அன்போடு வினவினார். வேண்டா என்பதே எம் விடை. எடுத்துவிட்டால் அம்மாணவர் கேட்ட கேள்வியும் சேர்ந்தே போய்விடும். 1954இன் நூலையும் 1956இன் நூலையும் அடுத்தடுத்து வைத்து, அதே நாட்டை அதே ஆசிரியர் இருமுறை எழுதியதில் நேர்ந்த வேறுபாட்டை ஒப்பிலக்கிய வகுப்பில் ஆய்வுப் பொருளாகத் தரலாம். இளங்கலை மாணவர் செய்யத்தக்க எளிய ஆய்வு. முடிவு எதுவாயினும் அவர்க்குப் பயன்படும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டியுள்ளது. எம் மாணவர் சிலர் எழுதிக் கொணரும் மாயக்கதைகளில் சித்தர் வருகிறார், யட்சி வருகிறாள், கிரேக்க வீரன் வருகிறான், ஜின்னும் வருகிறது. கற்பனையின் விரிவு பாராட்டத்தக்கது. ஆனால் நம் பிள்ளைகள் எழுதும் கதையிலும் அந்த ஜின் புட்டியிலிருந்து புகையாகக் கிளம்பி, அதட்டி, அச்சுறுத்தி மறைகிறது. திரைப்படத்தில் பார்த்த ஜின். யட்சியோ கால் தரையில் பாவாத பேய். அவளை வணங்கும் ஊர் எது, ஏன் வணங்குகிறது என்று எழுதிய மாணவருக்குத் தெரியாது. அவர் இருக்கும் விடுதியிலிருந்து இரண்டு தெரு தள்ளி விசாரித்தால் சொல்வதற்கு ஆளிருக்கும். கேட்டுவிட்டு எழுதுங்கள் என்று திருப்பியனுப்புகிறோம். சிலர் கேட்டுவிட்டு வருகின்றனர். கதை நீண்டுவிடுகிறது, அச்சம் குறைந்துவிடுகிறது, யட்சிக்கு ஒரு தங்கை முளைக்கிறாள். அவ்வாறு திரும்பி வந்த கதைகளுள் ஒன்றையேனும் அடுத்த மலரில் வெளியிடும் எண்ணம் எமக்கு உண்டு.

'இறுதிப் போர்' நூலின் முடிவில், அழியாத மெய்ந்நார்னியாவின் தோட்டச் சுவரருகே நின்று லூசி என்னும் சிறுமி சுற்றிலும் பார்க்கிறாள். முதல் நூலில் குடையோடு வந்த அதே ஃபான் அவளுக்கு அருகில் நின்று பேசிக்கொண்டிருக்கிறான். கிழக்கே கடற்கரையில் நார்னியாவின் அரண்மனை தெரிகிறது. தெற்கே பாலைவனத்துக்கு அப்பால் டாஷ்பான் தெரிகிறது. கலோர்மெனின் தலைநகர், டாஷின் பெயரைச் சுமந்த நகர். அதுவும் அழியாமல் அங்கே நிற்கிறது. அதனுள் யார் வாழ்கின்றனர் என்று லூசி கேட்கவில்லை, ஃபானும் சொல்லவில்லை.